கப்பலில் வரும் எரிவாயு: கரை சேர்ந்த பிறகுதான் சிக்கல்

கொச்சியை அடுத்த புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனத்தின் எல்.என்.ஜி. முனையம் 2013-இல் செயல்படத் தொடங்கியது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன். ஆனால் அதன் பெரும்பகுதி பல ஆண்டுகள் சும்மாவே கிடந்தது. இறக்கிய வாயுவை வெளியூர்களுக்குக் கொண்டுபோகக் குழாய் இல்லை!

இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் திரவமாகிவிடும்; அதுதான் எல்.என்.ஜி. கொள்ளளவு ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதைத்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இப்படி வருவது. வீட்டுக்கு வரும் சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி.; அது வேறு. இது யூரியா ஆலைக்கும், சி.என்.ஜி. ஆட்டோவுக்கும், குழாய்வழிச் சமையலுக்கும் போகிறது.

வாங்குவதற்கு அரசு பெரிய தடை எதையும் வைக்கவில்லை. இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டாம். முனையம் கட்ட 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கும் அனுமதி உண்டு. சுங்க வரி 2017 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆனது. 2004-இல் குஜராத்தின் தஹேஜில் தொடங்கிய முனையங்கள் ஹசீரா, தாபோல், எண்ணூர், தாம்ரா என இரு கரையிலும் பெருகின. எரிசக்தியில் வாயுவின் பங்கை 2030-க்குள் 15 சதவீதமாக்குவது இலக்கு. இன்னும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஏன்? முதல் காரணம் விலை.

ஆசியச் சந்தையில் உடனடிக் கொள்முதல் விலை 2020 ஏப்ரலில் ஒரு யூனிட்டுக்கு (பத்து லட்சம் பி.டி.யு. வெப்ப அளவு) 2 டாலருக்கும் கீழே போனது. உக்ரைன் போருக்குப் பின், 2022 ஆகஸ்டில் 50 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு ரஷ்ய ஒப்பந்தத்தின்படி வர வேண்டிய சரக்கு வராமல் போக, பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயில் உர ஆலைகளுக்கான அளவைக் குறைக்க நேர்ந்தது. 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுதான். வாயு விலை எவ்வளவு ஏறினாலும் அது அரசின் மானியக் கணக்கில்தான் விழும்.

இதற்கு மருந்து நீண்டகால ஒப்பந்தம். அதிலும் முள் உண்டு. கத்தாருடன் 1999-இல் செய்த ஒப்பந்தத்தின் விலை, 2015-இல் வெளிச்சந்தை விலையைவிட மிக அதிகமாக நின்றது. பெட்ரோநெட் ஒப்புக்கொண்டதைவிடக் குறைவாகவே எடுத்தது. அபராதம் மட்டும் சுமார் 12,000 கோடி ரூபாய் வந்திருக்கும். பேச்சுவார்த்தையில் அது தள்ளுபடியானது. விலையும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2024 பிப்ரவரியில் அதே கத்தாருடன் ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்க 2048 வரை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

அடுத்தது குழாய். கொச்சியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகப் பெங்களூரு செல்ல வேண்டிய கெயில் குழாயின் பாதையைக் கொங்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். குழாய் பதித்த நிலத்தில் மரம் நடவோ கட்டடம் எழுப்பவோ முடியாது என்பது அவர்கள் கவலை. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி 2013-இல் தமிழக அரசு உத்தரவிட்டது. அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2016-இல் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. கேரளத்திலும் எதிர்ப்பு இருந்தது. 450 கிலோமீட்டர் கொச்சி–மங்களூரு குழாய் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது.

மூன்றாவது வரி. இயற்கை எரிவாயு இன்னும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் வாட் வேறு. வாயுவுக்குக் கட்டிய வரியை, அதைக்கொண்டு செய்த பொருளின் ஜி.எஸ்.டி.யில் ஆலைகள் கழித்துக்கொள்ளவும் முடியாது. வருவாய் போய்விடும் என்று மாநிலங்கள் தயங்குகின்றன. அந்த இழப்பை ஈடுகட்டும் வழியை மத்திய அரசு முன்வைக்காதவரை அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு முனையத்துக்கு அடிக்கல் நாட்டுவதைவிட, இந்த வரிச் சிக்கலைத் தீர்ப்பதும் நிலம் தருபவருக்கு நியாயமான இழப்பீடு தருவதும்தான் இப்போது அவசரம்.