தாடி ஓணானின் மஞ்சள் நோய்

நம் வேலியில் தலையசைக்கும் ஓணானுக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உறவினர் உண்டு. சினம் வந்தால் அது தொண்டையை உப்பிக் கறுப்பாக்கிக் கொள்ளும். முள்முள்ளாய்த் தாடி வைத்ததுபோல் தோன்றும். ‘தாடி டிராகன்’ என்ற பெயர் அதனால் வந்ததே. பார்வைக்குத்தான் பயங்கரம், உண்மையில் சாதுவான பிராணி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இதைக் கண்ணாடிப் பெட்டியில் செல்லமாக வளர்க்கிறார்கள்.

இதன் பரம எதிரி ஒரு பூஞ்சைக் காளான். பெயர் நன்னிசியாப்சிஸ் குவாரோய்.

நமக்கு வரும் படர்தாமரையை நினைத்துக் கொள்ளுங்கள். அதை உண்டாக்கும் காளானுக்கு உணவு, நம் தோலிலுள்ள கெராட்டின் என்னும் புரதம். ஓணானின் செதிலும் கெராட்டின்தான். ஆனால் படர்தாமரை பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும், இது நிற்பதில்லை. செதில் மஞ்சளாகிப் பொருக்குத் தட்டும். பொருக்கு உதிர்ந்த இடம் புண்ணாகும். பிறகு காளானின் இழைகள் தசைக்கும் எலும்புக்கும் இறங்கும். தொடக்கத்தில் வளர்ப்பவர்கள், ‘தோல் உரிக்கிறது’ என்று எண்ணி ஏமாந்து போகிறார்கள். உரியும் தோல் சில நாளில் கழன்றுவிடும். மஞ்சள் பொருக்கோ பரவிக்கொண்டே போகும்.

ஓணான் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள இயலாது. வெயில் காய்ந்தே சூடேற்றிக் கொள்ளும். அதற்குக் காய்ச்சல் வருமா? வரும். பாக்டீரியாவைச் செலுத்திய பாலைவன இகுவானாக்கள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தை நாடின. அவ்வாறு சூடேற்றிக் கொண்டவையே அதிகம் பிழைத்தன. 1975இல் அமெரிக்காவில் குளூகர் குழுவினர் வெளியிட்ட முடிவு இது. அது பாக்டீரியா, இது காளான் என்பது உண்மையே. ஆயினும் பெட்டியில் ஒரு மூலையாவது 40° செ. அளவுக்குச் சூடாக இல்லையென்றால், ஓணானின் எதிர்ப்புச் சக்தி குன்றிவிடும். ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் காளானுக்குக் கொண்டாட்டம்!

கைமருந்து உதவாது. புண்ணிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதித்தே கால்நடை மருத்துவர் நோயை உறுதி செய்வார். முன்பு இட்ரகோனசோல் கொடுத்தார்கள். அம்மருந்தே சில ஓணான்களுக்கு நஞ்சாயிற்று. வோரிகோனசோல் அதைவிடப் பாதுகாப்பானது என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. சிகிச்சை வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் நீளும். முற்றிய பின் மருந்தும் கைகொடுப்பது அரிது. நோயுற்றதை உடனே தனியே பிரித்து, அதன் பெட்டியிலிருந்த மரக்கட்டைகளை அப்புறப்படுத்த வேண்டும்.

இது நெடுங்காலம் வளர்ப்புப் பிராணிகளின் தொல்லையாகவே கருதப்பட்டது. 2013இல் பிரிஸ்பேன் நகரில் சுதந்திரமாகத் திரியும் நீர் டிராகன்களின் உடலில் அதே மஞ்சள் பொருக்கு தென்பட்டது. காரணம், இக்காளானின் நெருங்கிய உறவான நன்னிசியாப்சிஸ் பார்பேட்டே.