சிக்கனமான பழைய கார் எது?

நம் சங்கத்து நண்பர்களில் சிலர் படிப்பு முடிந்தபின்னும் புனேயை விட்டுப் போவதில்லை. குடியிருப்பு இங்கே, வேலை பன்வேல் பக்கம் என்று ஆகிவிடுகிறது. என் தமையனாருக்கும் அப்படித்தான் ஆயிற்று. நிகடியில் வீடு, அண்ணியாருக்கு அங்கேயே பள்ளியில் வேலை, அவருக்கோ தலோஜாத் தொழிற்பேட்டையில். போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். ஷிப்டு நேரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் ஒத்து வரவில்லை. சேமிப்பில் இருந்த 4 லட்ச ரூபாய்க்குள் ஒரு பழைய கார் வாங்குவதென்று முடிவாயிற்று. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, பௌதிகம் படிக்கிற குற்றத்துக்காக, என் தலையில் விழுந்தது.

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதே. அதைவிட, "ஆண்டுக்கு எவ்வளவு ஓடப் போகிறது?" என்று கேட்பது நல்லது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் ஓடினால், கிலோமீட்டருக்கு முறையே 6 ரூபாய் 25 காசும் 4 ரூபாய் 50 காசும் ஆகும். தமையனார் ஆண்டில் 240 நாள் போய்வந்தால் 48,000 கிலோமீட்டர். வித்தியாசம் 84,000 ரூபாய்! டீசல் வண்டிக்கு லட்ச ரூபாய் கூடக் கொடுத்தாலும் பதினைந்து மாதத்தில் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கும் கடைக்கும் போகிறவர் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டினால், அதே லட்சம் திரும்ப ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். ஒருவருக்குச் சிக்கனமான வண்டி மற்றவருக்கு ஊதாரித்தனம்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதையும் கருத வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. சி.என்.ஜி. வண்டிக்கு எரிபொருட் செலவு டீசலையும் விடக் குறைவாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பங்கில் வரிசை, சாமான் வைக்கும் இடமெல்லாம் சிலிண்டருக்கு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சிலிண்டருக்குச் சோதனை, நான்கு பேரோடு கண்டாலா மலை ஏறும்போது இழுவைக் குறைவு. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு அது ஒத்துவராது என்று விட்டுவிட்டோம்.

டீசலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நீண்ட தூரம் ஓடிப் புகை நன்றாகச் சூடேறினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நகருக்குள்ளேயே உருண்ட வண்டியில் அடைத்துக்கொள்ளும்; மாற்றுவதற்குச் செலவு மிக அதிகம். ஆகவே அந்த வகை வண்டியானால், முன்னவர் எங்கே ஓட்டினார் என்று விசாரிப்பது அவசியம்.

எந்த வண்டிக்கும் இந்த விசாரணை பொருந்தும். நெடுஞ்சாலையில் ஓடிய 80,000 கிலோமீட்டர், நகர நெரிசலில் கிளச்சை மிதித்து மிதித்து ஓடிய 40,000 கிலோமீட்டரைவிட மேல். மீட்டரை நம்பவேண்டாம், அதைத் திருப்பிவைப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. ஒரு தரகர் எங்களுக்குக் காட்டிய வண்டியில் மீட்டர் 42,000 என்றது. பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது, ஸ்டீயரிங்கும் பளபளத்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று கொள்க. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மேட்டில் மேல் கியரில் அழுத்தும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் கூடாவிட்டால் கிளச் போய்விட்டது.

டில்லிப் பதிவெண் உள்ள டீசல் வண்டிகள் சில மலிவாகக் கிடைத்தன. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்ததால், அவை வெளிமாநிலங்களுக்கு வந்தன. தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்குள்ள வரி எல்லாம் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும்.

எங்கள் வீட்டில் சச்சரவு வந்தது வேறொரு விஷயத்தில். ஒரே ஆண்டு, ஒரே மாதிரி வண்டிகள் இரண்டு. ஒன்று 45,000 ரூபாய் குறைவு, ஆனால் ஏ.பி.எஸ். இல்லை. 2019 ஏப்ரலுக்கு முன் அது எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக இருக்கவில்லை.

"ஏண்டா, இத்தனை நாள் எல்லாரும் அது இல்லாமல்தானே ஓட்டினார்கள்?" என்றார் தமையனார்.

"அண்ணா, ஜூலை மாத மழையில், மலை இறக்கத்தில், லாரிக்குப் பின்னால் திடீரென்று பிரேக் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை" என்றேன். அவர் பேசவில்லை. அண்ணியார்தான், "அந்த நாற்பத்தைந்தாயிரத்தை நான் தருகிறேன்" என்று முடித்துவைத்தார்.

வாங்கியது 2017ஆம் ஆண்டின் மாருதி ஸ்விப்ட் டீசல். அதன் 1248 சி.சி. எஞ்சின் ஃபியட் வடிவமைத்தது. பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ளது. பல வண்டிகளில் பூட்டப்பட்டதால் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது. 29, 30ஆம் எண் படிவங்கள், வங்கிக் கடன் தீர்ந்த சான்று, பாக்கி அபராதம் எல்லாம் பார்த்தபிறகே பணம் கொடுத்தோம். இன்ஷூரன்ஸைப் பெயர்மாற்றப் பதினான்கு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 80இலிருந்து 100க்குப் போனால் தடை 56 சதவீதம் கூடும். மலைப்பகுதி நீங்கலாக 80 கிலோமீட்டர் என்று கொண்டால், மிச்சமாவது பன்னிரண்டு நிமிடம்! தமையனார் இப்போது 80இல்தான் போகிறார்.

இவ்வளவும் பார்த்த நான் ஒன்றைக் கோட்டைவிட்டேன். எக்ஸ்பிரஸ்வேயில் காருக்குச் சுங்கம் 2023 ஏப்ரல் முதல் ஒரு வழிக்கு 320 ரூபாய். போய்வர 640, நாளொன்றுக்கு டீசல் 900. ஆண்டுக்குச் சுங்கம் மட்டும் லட்சத்து ஐம்பத்து மூவாயிரம். டீசலால் மிச்சமாகும் 84,000 இதற்குப் பாதிதான் வரும். எந்தக் காரைத் தேர்ந்தெடுத்தாலும் இது குறையாது. ஏறுகிறவர்கள் கூடினால்தான் தலைக்குக் குறையும். முதல் மாதக் கணக்கைப் பார்த்தபின் தமையனார் தம் ஷிப்டிலேயே வேலை செய்யும் இருவரைத் தேடிப் பிடித்தார். ஒருவர் சோமாட்டணையில் ஏறுகிறார், மற்றவர் தேஹு ரோடில். செலவை மூன்றாகப் பங்கிடுகிறார்கள்.