பசியாறியாச்சா?

காலையில் பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் போனால் "என்னண்ணே, பசியாறியாச்சா?" என்ற விசாரிப்பு எப்படியும் காதில் விழும். இந்தப் பசியாறலை உலகமே கவனித்திருக்கிறது, நேயர்களே! மலேசியர்களின் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2008-இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரானது அதன் பழைய கட்டடங்களுக்காகவும் தெருக்களுக்காகவும். இந்த முறை பெருமை நாசி லெமாக்குக்கும் ரொட்டி சானாய்க்கும் தே தாரேக்குக்கும். அதைவிட, மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்துக்கு.

அந்தத் தே தாரேக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் பரப்பிய பானம் அது. கடுஞ்சாயத்தில் டின்பால் ஊற்றி, ஒரு குவளையை உயரத் தூக்கி, கீழே உள்ள குவளைக்குள் குறி தவறாமல் ஊற்றி இழுக்கிறார்கள். வேடிக்கைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். கெட்டியான பால் நன்றாகக் கலக்கிறது, கொதி சூடு நாக்குத் தாங்கும் அளவுக்குத் தணிகிறது, காற்றுப் புகுந்து நுரை கட்டுகிறது. நுரை இல்லாத தே தாரேக்குக்குக் காசு கொடுப்பது என்னைக் கேட்டால் அநியாயம்!

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த இழுப்பைப் பார்த்துக்கொண்டே காத்திருங்கள். டிக்கெட் கிடையாது, முன்பதிவும் வேண்டாம்.

அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன. பசியாறாதவர்கள் பசியாறிவிட்டு வாருங்கள்.