உங்களுக்குத் தெரியுமா? கைச்சுற்றளவு சொல்லும் சேதி

எடைக் கருவி இல்லாமலே, ஓர் அளவு நாடாவால் குழந்தையின் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டுபிடிக்கலாம். 6 முதல் 59 மாதக் குழந்தையின் இடது கையைத் தளரத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் குறைபாடு, 12.5க்குக் கீழே என்றாலும் சும்மா விடக்கூடாது. இரு பாதங்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், நாடா என்ன காட்டினாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கொழுகொழுவென்று தெரியும் முகம் வெறும் வீக்கமாகவும் இருக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள்!

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் குடியிருக்கும் தமிழ்த் தாய்மார்களே, குழந்தையின் ஊட்டத்துக்கு உதவ, கேரள அங்கன்வாடிகளில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தயாரிக்கும் ‘அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்’ சத்துமாவு தருகிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்தது. கேட்டு வாங்குங்கள்.