நன்கொடைக் கணக்கும் கடன் கணக்கும்: பாலாற்றங்கரையில் வங்கிகளின் பொறுப்பு

நிகர மதிப்பு 500 கோடி ரூபாயையோ, விற்றுமுதல் 1,000 கோடியையோ, நிகர லாபம் 5 கோடியையோ எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு. கரூர் வைசியா, சிட்டி யூனியன் போன்ற தனியார் வங்கிகளை இது கட்டுப்படுத்துகிறது. தனிச் சட்டத்தால் அமைந்த ஸ்டேட் வங்கியைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அதுவும் தன் லாபத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குகிறது. இச்செலவு வங்கியின் செயல்திறனை உயர்த்துமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒருமித்த விடை தரவில்லை. நல்ல லாபம் ஈட்டும் வங்கியே தாராளமாகக் கொடுக்கவும் முடியும் என்பதால், இரண்டில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதன்று.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் பரவிய தோல் தொழில் வட்டாரத்தில் இக்கேள்வி வேறு உருவம் கொள்கிறது. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடப்படுகிறது. ஊறவைக்கும்போது அவ்வுப்பும், பதனிடும்போது குரோமியமும் கழிவுநீரில் கலக்கின்றன. வழக்கமான சுத்திகரிப்பு உப்பை நீக்குவதில்லை; அதற்குச் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் வேண்டும், இரண்டுமே செலவு மிகுந்தவை. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற கணக்கெடுப்பை முன்வைத்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலைகளை மூடவும் வழிவகுத்தது.

வங்கிக் கணக்கேட்டின் கண்கொண்டு பார்த்தால், தோல் வாங்க ஆலைக்குக் கொடுத்த கடனும், அவ்வாலையின் கழிவால் உவர்ந்த நிலத்தை நம்பி உழவருக்குக் கொடுத்த கடனும் ஒரே கிளையில் இருக்கக்கூடியவை. ஆலை மூடப்பட்டால் முதற்கடன் தடுமாறும். மூடப்படாமல் கழிவை விட்டால் இரண்டாவது கடனின் ஈடு மதிப்பிழக்கும். தவணை பொதுவாக 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் அக்கடன் வாராக்கடனாகக் குறிக்கப்பட்டு, வங்கி தன் லாபத்திலிருந்து அதற்கு ஒதுக்கீடு செய்ய நேரும். பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தருவது நற்செயலே, ஆனால் அது இந்த இழப்பை ஈடுகட்டாது. கடன் கொடுக்குமுன் சுத்திகரிப்பு வசதியைச் சரிபார்ப்பதும், அவ்வசதிக்கே கடன் கொடுப்பதும்தான் இங்கே வங்கியின் லாபத்தோடு நேரடியாகப் பிணைந்த பொறுப்பு.

வழக்கமான வணிக நடவடிக்கைகளைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்டக் கூடாது என்பது விதி. தேவையான விதிதான், எனினும், சுத்திகரிப்பு நிலையத்துக்கான கடன் எவ்வளவு பயன் தந்தாலும் அதனால் அந்த 2 விழுக்காட்டுக் கணக்கில் ஏறாது. இதனிடையே, இழப்பீட்டை உரியவர்களுக்கு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டுள்ளதால், ஆலைகளின் வருவாயிலிருந்து வங்கித் தவணையோடு இந்தப் பழைய பாக்கியும் வெளியேற வேண்டியிருக்கிறது.