மெய்நிகர் விமானச் சேவையில் எரிபொருள் விலை நிர்ணயம்

மெய்நிகர் விமான நிறுவனம் என்பது, ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் கணினிப் பறப்பு மென்பொருளில் விமானம் ஓட்டுவோர் ஒன்றுகூடி நடத்தும் கற்பனை நிறுவனம் ஆகும். அதற்குக் கால அட்டவணை உண்டு, விமானங்கள் உண்டு, வரவு செலவுக் கணக்கும் உண்டு. பயணச்சீட்டு வருமானத்திலிருந்து எரிபொருள், தரையிறங்கு கட்டணம், பராமரிப்பு ஆகியவற்றைக் கழித்து லாப நட்டம் பார்க்கப்படுகிறது. இச்செலவுகளுள் பெரியது எரிபொருள். இந்தியாவில் இயங்கும் உண்மையான நிறுவனங்களின் இயக்கச் செலவில் 30 முதல் 40 விழுக்காடு வரை அதற்கே போகிறது. ஆகவே எரிபொருள் விலையைத் தவறாகப் பதிந்துவிட்டால், மற்ற எண்களை எவ்வளவு கவனமாகப் பதிந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. உலகச் சந்தையின் சராசரி விலையை எடுத்து எல்லா விமான நிலையங்களுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். பி.எச்.பி.வி.எம்.எஸ். போன்ற மெய்நிகர் நிறுவன மேலாண்மை மென்பொருள்களில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி விலை பதிய இடம் இருந்தும் அதைப் பயன்படுத்துவோர் குறைவு. இந்தியாவைப் பொறுத்தவரை இந்த ஒற்றை விலை பொருந்தவே பொருந்தாது. ஏன் என்பதற்கு லோயர் கேம்ப் நல்ல எடுத்துக்காட்டு.

லோயர் கேம்ப் எல்லையில் இரண்டு விலைகள்

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு மூலையில், பெரியாறு நீர்மின் நிலையம் அமைந்துள்ள ஊர் லோயர் கேம்ப். இங்கிருந்து மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறிக் குமுளியில் கேரளத்துக்குள் நுழைகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரி விதித்தது. இதனால் மேலே குமுளியில் பெட்ரோல் விலை அதிகம், கீழே குறைவு. மலை ஏறும் வண்டிக்காரர் கீழேயே நிரப்பிக்கொண்டு போவதுதான் சிக்கனம்.

விமான எரிபொருளில் இது தலைகீழாகிறது. அதே எல்லைக்குக் கிழக்கே மதுரை விமான நிலையத்தில் விலை கூடுதல், மேற்கே கொச்சி நெடும்பாசேரியில் குறைவு. இரண்டு நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 190 கிலோமீட்டர்தான். உலகச் சந்தை விலையும் ரூபாயின் மதிப்பும் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாட்டின் பெரும்பகுதி மாநில வரியில் இருக்கிறது.

விலையின் அடுக்குகள்

இந்தியாவில் விமான எரிபொருள் விலை 2001 ஏப்ரலில் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனங்கள் உலக விலையையும் டாலர் மதிப்பையும் ஒட்டி அடிப்படை விலையை மாதந்தோறும் முதல் தேதியில் மாற்றுகின்றன. சில ஆண்டுகளில் இது மாதம் இருமுறையும் நடந்தது. டெல்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய 4 பெருநகரங்களுக்கான விலையை இந்தியன் ஆயில் வெளியிடுகிறது. அளவு கிலோலிட்டர், அதாவது 1,000 லிட்டர்.

அடிப்படை விலையின் மேல் ஒன்றிய அரசின் கலால் வரி வருகிறது. 14 விழுக்காடாக இருந்த இவ்வரி 2018 அக்டோபரில் 11 விழுக்காடானது. இரண்டையும் கூட்டி வரும் தொகையின் மேல் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி, மக்கள் வழக்கில் வாட் வரி, விதிக்கப்படுகிறது. வரியின் மேல் வரி என்பது இதுதான். விமான எரிபொருள் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கொண்டுவரப்படவில்லை. எனவே எரிபொருளுக்குக் கட்டிய வரியை நிறுவனங்கள் தாம் செலுத்த வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளவும் முடிவதில்லை. முழுச் சுமையும் செலவாகவே நின்றுவிடுகிறது.

மாநில வரியில்தான் பெரும் வேறுபாடு. தமிழ்நாட்டில் இது நெடுங்காலமாக 29 விழுக்காடு. கேரளத்திலும் முன்பு ஏறக்குறைய அதே அளவுதான். 2018 டிசம்பரில் கண்ணூர் விமான நிலையம் திறக்கப்பட்டபோது அங்கு மட்டும் 1 விழுக்காடாகக் குறைத்தார்கள். பக்கத்துக் கோழிக்கோட்டில் விமானங்கள் குறைந்துபோகும் என்று எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் 2019இல் மாநிலத்தின் மற்ற நிலையங்களுக்கும் வரி 5 விழுக்காடாக இறக்கப்பட்டது.

ஒரு கணக்கு

அடிப்படை விலை கிலோலிட்டருக்கு 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. கலால் வரி 7,700 ரூபாய் சேர்ந்து 77,700 ஆகிறது. மதுரையில் அதன் மேல் 29 விழுக்காடு, அதாவது 22,533 ரூபாய் ஏறி, விலை 1,00,233 ரூபாயாகிறது. கொச்சியில் 5 விழுக்காடு, 3,885 ரூபாய் மட்டும் ஏறி 81,585 ரூபாயில் நிற்கிறது. ஒரு கிலோலிட்டருக்கு 18,648 ரூபாய் வேறுபாடு.

இதிலிருந்து மெய்நிகர் நிறுவனத்துக்குப் பயன்படும் எளிய வழி ஒன்று கிடைக்கிறது. வெளியிடப்படும் சென்னை விலையை 1.4319ஆல் வகுத்தால் (1.11 × 1.29) அடிப்படை விலை ஏறத்தாழக் கிடைக்கும். அதை 1.1655ஆல் பெருக்கினால் (1.11 × 1.05) கொச்சி விலை வரும். சுருக்கமாகச் சொன்னால், கொச்சி விலை சென்னை விலையில் 81 விழுக்காடு. எண்ணெயைக் கொண்டுசேர்க்கும் செலவும் விமானத்தில் நிரப்பும் சேவைக் கட்டணமும் நிலையத்துக்கு நிலையம் மாறும். கொச்சிக்கு அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலை பக்கத்திலேயே உள்ளது. மதுரைக்கு அப்படி எதுவும் இல்லை. பெரிய நிறுவனங்கள் பேரம் பேசித் தள்ளுபடியும் பெறுகின்றன. இவற்றை வரியோடு ஒப்பிட்டால் சிறியவை என்பதால், தொடக்கத்தில் விட்டுவிடலாம்.

எங்கே நிரப்புவது?

விலை வேறுபாட்டைப் பதிந்தவுடன் விளையாட்டின் போக்கே மாறுகிறது. கொச்சியிலிருந்து மதுரை சென்று திரும்பும் ஓர் ஏ.டி.ஆர் 72 விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வழிக்கு 600 கிலோ எரிபொருள் தேவை என்று கொள்வோம். திரும்பி வருவதற்கான 600 கிலோவையும் கொச்சியிலேயே நிரப்பிச் சென்றால், மதுரையில் வாங்க வேண்டியது மிச்சம். லிட்டருக்கு 0.8 கிலோ என்ற கணக்கில் 600 கிலோ என்பது 750 லிட்டர். மிச்சமாகும் தொகை 13,986 ரூபாய்.

ஆனால் கூடுதல் எடையைத் தூக்கிச் செல்லவும் எரிபொருள் எரியும். சுமந்து செல்லும் கூடுதல் எடையில் மணிக்கு 3 விழுக்காடு அளவு எரிந்துபோகும் என்று கொண்டால், 40 நிமிடப் பயணத்தில் 12 கிலோ, அதாவது 15 லிட்டர் வீணாகும். அதன் விலை கொச்சிக் கணக்கில் 1,224 ரூபாய். அதைக் கழித்தாலும் ஒரு சுற்றுக்கு 12,762 ரூபாய் கையில் நிற்கிறது. லோயர் கேம்ப் வண்டிக்காரர் செய்வதும் இதுதான். திசை மட்டும் வேறு.

இதற்கும் எல்லை உண்டு. ஏ.டி.ஆர் 72-600 விமானம் 23,000 கிலோ வரை எடையுடன் மேலெழலாம்; தரையிறங்கும்போது 22,350 கிலோவைத் தாண்டக் கூடாது. குறுகிய பயணத்தில் எரிபொருள் அதிகம் குறையாது. பயணிகள் நிறைந்த நாளில் திரும்பும் பயணத்துக்கான எரிபொருளையும் ஏற்றினால் மதுரையில் இறங்கும்போது எடை வரம்பு மீறப்படலாம். நீண்ட பயணத்திலோ, சுமந்து செல்லும் இழப்பே வரிச் சேமிப்பைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மென்பொருள், எரிந்த எரிபொருளுக்குப் புறப்பட்ட நிலையத்தின் விலையைப் போடுகிறதா, உண்மையில் நிரப்பிய அளவுக்குப் போடுகிறதா? முதல் முறையானால், கொச்சியில் மலிவாக நிரப்பி வந்த எரிபொருளுக்கும் திரும்பும்போது மதுரை விலையே விழும். விமானி யோசித்து நிரப்பியது எல்லாம் வீண். நிரப்பிய அளவுக்கு விலை போடும்படி அமைத்தால்தான் இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் பொருள் இருக்கும்.

உண்மை உலகிலும் இதே கணக்குதான் வரி வாதத்தின் நடுவில் நிற்கிறது. 2021இல் ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, விமான எரிபொருள் வரியைக் குறைக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். வரி அதிகமுள்ள இடத்தில் நிறுவனங்கள் குறைவாக நிரப்பும், வரி குறைந்தால் விற்பனையும் விமானங்களும் கூடும் என்பது ஒரு பக்கத்து வாதம். விமானத்தில் போகிறவருக்காக மாநிலம் ஏன் வருவாயை விட வேண்டும் என்பது மறுபக்கம். கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ இருப்பவருக்குச் சொந்த மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. மதுரைக்குத்தான் போக வேண்டும். மதுரையிலிருந்து எத்தனை ஊர்களுக்கு விமானம் என்பதில் இந்த 29 விழுக்காட்டுக்கும் பங்கு உண்டு. மெய்நிகர் நிறுவனத்தில் மாநில வரியை மாற்றி மாற்றிப் போட்டு, எந்த வழித்தடம் பிழைக்கிறது, எது நட்டத்தில் விழுகிறது என்று பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

ஒரே நிலையத்தில் இரு விலை

மதுரையிலிருந்து சென்னைக்கும் விமானம் உண்டு, கொழும்புக்கும் உண்டு. வெளிநாடு செல்லும் விமானத்துக்கு நிரப்பப்படும் எரிபொருளுக்குக் கலால் வரியும் மாநில வரியும் இல்லை. விலையும் டாலரில்தான் குறிக்கப்படுகிறது. மேலே கண்ட கணக்கின்படி, சென்னை விமானம் 1,00,233 ரூபாய் கொடுக்கும் அதே அளவுக்குக் கொழும்பு விமானம் அடிப்படை விலையான 70,000 ரூபாயை ஒட்டியே கொடுக்கும். எனவே நிலையத்துக்கு ஒரு விலை என்பதும் போதாது. உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என இரண்டு வேண்டும். உடான் திட்டத்தின் கீழ் இயங்கும் வட்டாரச் சேவைகள் மூன்றாவது வகை. அவற்றுக்கு அத்திட்ட நிலையங்களில் கலால் வரி 2 விழுக்காடு, மாநில வரி 1 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு.

காலமும் அலகும்

டெல்லியில் 2020 மே மாதத்தில், பெருந்தொற்றால் விமானங்கள் நின்றுகிடந்த நாட்களில், விலை கிலோலிட்டருக்கு 21,500 ரூபாய்க்கும் கீழே போனது. உக்ரைன் போருக்குப் பின், 2022 ஜூன் 16 அன்று அதே டெல்லியில் 1,41,232 ரூபாயைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் ஆறு மடங்குக்கும் மேல். மாதத்தின் முதல் தேதியில் விலையைப் புதுப்பிக்காத மெய்நிகர் நிறுவனம் எந்தக் காலத்தில் பறக்கிறது என்று சொல்ல முடியாது.

அலகு மாற்றத்தில் கவனம் தேவை. சில மென்பொருள்கள் பவுண்டுக்கும், சில கேலனுக்கும் விலை கேட்கும். ஒரு கிலோலிட்டர் என்பது 264 அமெரிக்க கேலன். எடையில் ஏறக்குறைய 800 கிலோ அல்லது 1,764 பவுண்டு. அப்படியானால் 1,00,233 ரூபாய் என்பது கேலனுக்கு 379 ரூபாய், பவுண்டுக்கு 57 ரூபாய். லிட்டர் விலையான 100 ரூபாயைப் பவுண்டுக்கான கட்டத்தில் போட்டுவிட்டு, நிறுவனம் ஏன் திவாலாகிறது என்று தேடுவோர் உண்டு.

சத்திரம் ஓடுதளம்

லோயர் கேம்ப்புக்கு மேலே, இடுக்கி மாவட்டத்தின் வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்ற இடத்தில், தேசிய மாணவர் படையின் பயிற்சிக்காக 650 மீட்டர் நீள ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. 2022 டிசம்பர் 1 அன்று அங்கு வைரஸ் எஸ்.டபிள்யூ.-80 என்ற இருவர் அமரும் சிறு விமானம் வெற்றிகரமாக இறங்கியது. சிமுலேட்டரில் இந்த ஓடுதளத்தைச் சேர்ப்பவர்கள் பக்கத்துக் கொச்சியின் ஜெட் எரிபொருள் விலையை இங்கே பதிந்துவிடக் கூடாது. அவ்விமானத்தில் இருப்பது விசையாழி இயந்திரம் அல்ல. ரோடாக்ஸ் 912 வகைச் சிறு இயந்திரம், சாதாரணப் பெட்ரோலில் ஓடுவது. ஆகவே இங்கு 5 விழுக்காட்டுச் சலுகை விலைக்கு வேலையில்லை. குமுளி பங்கில் உள்ள பெட்ரோல் விலையே பொருந்தும். அது கீழே லோயர் கேம்ப் பக்கத்து விலையைவிடக் கூடுதல்.