தைலக்கொம்பும் தீர்க்கதரிசியின் நாவும்

அரசனைத் தேர்ந்தெடுப்பதும் தாங்குவதும் தள்ளிவிடுவதும் இறைவனின் உரிமை என்னும் நம்பிக்கை, பழைய இஸ்ரவேலில் அபிஷேகம் என்னும் ஒரே சடங்கில் திரண்டு நின்றது. தலைமேல் தைலம் வார்க்கப்பட்டவரை எபிரெய மொழியில் 'மாஷியாக்' என்றனர். அச்சொல்லே தமிழில் மேசியா என்றும், அதன் கிரேக்கப் பெயர்ப்பு கிறிஸ்து என்றும் வழங்குகிறது. வழிபாட்டுக் கூடாரத்துப் பணிக்கென யாத்திராகமம் என்னும் வேதநூல் விதித்த தைலத்தில் வெள்ளைப்போளமும் இலவங்கப்பட்டையும் தலா 500 சேக்கல், கருவாப்பட்டையும் வசம்பும் தலா 250 சேக்கல், இவற்றோடு ஒலிவ எண்ணெய் என்பது அளவு. சேக்கல் என்பது ஏறத்தாழ 11 கிராம் எடை.

இச்சடங்கின் உட்பொருள் சாமுவேலின் முதல் புத்தகத்தில் விரிகிறது. மற்ற இனத்தாரைப் போலத் தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, இறைவாக்கை எடுத்துரைக்கும் தீர்க்கதரிசியாகிய சாமுவேல், அவ்வரசன் மகன்களைத் தேர்ப்படைக்கும் மகள்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் கொண்டுபோவான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வான் என்று எச்சரித்தார். மக்கள் கேளாததால், அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சவுலின் தலையில் குப்பித் தைலம் வார்க்கப்பட்டது. ஆனால் அமலேக்கியரோடு நடந்த போரில் சவுல் இறைவனின் கட்டளையை மீறியபோது, தைலம் வார்த்த அதே சாமுவேலே அவன் தள்ளப்பட்டதையும் அறிவித்தார். தேர்வு என்பது திரும்பப் பெறவே முடியாத பட்டயமாக அங்கே கருதப்படவில்லை.

அடுத்த தேர்வு பெத்லகேமில் நடந்தது. ஈசாயின் மகன்களில் எழுவர் வரிசையாக வந்து கடந்துபோக, ஆடு மேய்க்கச் சென்றிருந்த கடைசிப் பையன் தாவீது அழைத்துவரப்பட்டு, கொம்பிலிருந்த தைலம் அவன்மேல் ஊற்றப்பட்டது. எனினும் அரியணை உடனே கைக்கு வரவில்லை. முப்பதாம் வயதில் எப்ரோனில் ஆளத் தொடங்கும்முன் அவன் நெடுநாள் குகைகளிலும் வனாந்தரத்திலும் ஒளிந்து திரிந்தான். என்கேதிக் குகையில் தன்னைத் துரத்திவந்த சவுல் கைக்கெட்டும் தூரத்தில் தனித்து அகப்பட்டும், தாவீது அவனது அங்கியின் ஓரத்தை மட்டுமே அறுத்தான். அதற்காகவும் அவன் மனம் அடித்துக்கொண்டது. கொடுத்தவரே எடுக்கட்டும் என்று காத்திருந்த அந்தப் பொறுமையில்தான், இறைவன் தாங்குகிறார் என்ற நம்பிக்கை எத்தனை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது தெரிகிறது.

பிற்கால ஐரோப்பிய மன்னர்கள் இந்தக் கதையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் மன்னரான முதலாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்தை ஆண்ட காலத்தில் 1598இல் வெளியிட்ட நூலொன்றில், சாமுவேலின் எச்சரிக்கையையே குடிகள் மன்னனுக்கு அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதற்குச் சான்றாக்கினார். மன்னன் இறைவனுக்கு மட்டுமே கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற இக்கொள்கை 'தெய்வீக உரிமை' எனப்பட்டது. அதையே பற்றிநின்ற அவர் மகன் முதலாம் சார்லஸ் 1649 ஜனவரி 30 அன்று இலண்டனில் தலை வெட்டப்பட்டார். எச்சரிக்கையை அதிகாரப் பத்திரமாக வாசித்தது வேதத்துக்கே இழைத்த அநீதி என்று சொல்வது மிகையாகாது.

ஏனெனில் உபாகமம் என்னும் வேதநூல், அரசன் குதிரைகளையும் வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கலாகாது என்றும், நியாயப்பிரமாணத்துக்கு, அதாவது சட்டநூலுக்கு, தனக்கென ஒரு படி எழுதி வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. தன் படைவீரன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டு அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதின் முன் நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து நின்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீயே என்று முகத்துக்கு நேராகக் குற்றம் சாட்டினார். தாவீது அவரைச் சிறையிலிடவில்லை. தன் பாவத்தை ஒப்புக்கொண்டான். தாவீது முதிர்ந்து தளர்ந்தபின், எருசலேமுக்குக் கீழே கீகோன் ஊற்றருகே சாதோக் என்னும் ஆசாரியர் கூடாரத்திலிருந்து கொண்டுவந்த தைலக்கொம்பால் அவன் மகன் சாலொமோனை அபிஷேகம் செய்தபோது, அவரோடு அங்கே நின்றவர்களில் அதே நாத்தானும் ஒருவர்.